மண்ணிலுறை கதிரியக்கமும் அதனை அளக்கும் வகையும்

தமிழாசிரியன் ஒருவன் கதிரியக்கத்தைப் பற்றி எழுதப் புகுந்தமையை எம் கல்லூரி விஞ்ஞான ஆசிரியர்கள் பொறுத்தருள்வார்களாக. இக்கட்டுரைக்கு வித்திட்டது வகுப்பில் எழுந்த ஒரு வினாவேயாம். நெய்தல் நிலத்தின் இயல்புகளை விளக்கிக்கொண்டிருந்த ஒரு நாளில், பின்வாங்கில் இருந்த மாணவன் ஒருவன் எழுந்து, "ஐயா, கூடங்குளத்து அணுவுலையிலிருந்து கதிர்நஞ்சு கடல்வழியாக எங்கள் மண்ணுக்கும் வந்துவிட்டது என்று சொல்கிறார்களே, அது உண்மையா?" என்று கேட்டான். "அப்படியொன்றும் இல்லை, இரு" என்றேன். அவன் இருக்கவில்லை. "இல்லையென்று எப்படி ஐயா தெரியும்? முன்பு எங்கள் மண்ணில் எவ்வளவு இருந்தது?" என்றான்.

அவ்வினாவுக்கு விடை என்னிடம் இருக்கவில்லை. நிகண்டிலும் உரைகளிலும் தேடிக் கிடைக்கும் விடையும் அன்று அது. ஆயினும் அவன் கேட்டது முறையான கேள்வி. முன்னிருப்பு எழுதப்படாத கணக்கேட்டில் இன்றைய வரவு எவ்வளவென எவ்வாறு காண்பது? கூடங்குளம் சாவகச்சேரிக்கு முந்நூறு கிலோமீற்றருக்குச் சற்று மேற்பட்ட தொலைவில் உள்ளது. அங்கு முதலாவது உலை 2013ஆம் ஆண்டில் இயங்கத் தொடங்கியது. அதற்கு முன்னரே அவ்வூர்ச் சுற்றாடலின் மண், நீர், காற்று என்பவற்றில் இயல்பாக உள்ள கதிரியக்கத்தை அளந்து பதிவுசெய்தார்கள். பின்னர் ஏதும் கூடினால் கூடியது இவ்வளவு எனச் சொல்வதற்கு அது வேண்டும். அச்சங் கொள்வார்க்கும் அச்சந் தீர்ப்பார்க்கும் ஒருங்கே வேண்டப்படுவது அந்த முன்னிருப்பு ஒன்றே.

அன்று தொட்டு இப்பொருள்பற்றி யான் படித்தும் கேட்டும் அறிந்தவற்றுட் சிலவற்றை இங்கே தருகின்றேன்.

மண்ணிற் கதிரியக்கம் மனிதன் கொண்டுவந்து சேர்த்த ஒன்றெனப் பலர் எண்ணுகின்றனர். இவ்வுலகு தோன்றிய காலத்திலேயே அஃது இதனுட் கலந்திருந்தது. யுரேனியம் 238, தோரியம் 232, பொற்றாசியம் 40 என்னும் மூன்றுமே மண்ணின் கதிர்களுக்குத் தலையாய காரணங்கள். இவற்றின் அணுக்கள் தாமாகவே சிதைவன. ஒரு பொருளிலுள்ள அணுக்களுட் பாதி சிதைவதற்கு எடுக்குங் காலத்தை அரைவாழ்வு என்பர். யுரேனியம் 238இன் அரைவாழ்வு ஏறத்தாழ 447 கோடி ஆண்டுகள். பூமியின் வயதும் ஏறக்குறைய அவ்வளவே. ஆகவே பூமி பிறந்தபோது இருந்த யுரேனியத்திற் பாதி இன்னும் எஞ்சியுள்ளது. தோரியத்தின் அரைவாழ்வு 1,405 கோடி ஆண்டுகளாதலின் அதில் ஐந்தில் நான்கு பங்கு இன்றுமுண்டு. பொற்றாசியம் 40 இவற்றினும் விரைந்து செலவாவது. 125 கோடி ஆண்டு அரைவாழ்வுடைய அது, தொடக்கத்தில் இருந்ததில் நூற்றுக்கு எட்டுப் பங்களவே இப்போது உள்ளது. யுரேனியமும் தோரியமும் நேரே ஈயமாகிவிடுவதில்லை. ஒன்று மற்றொன்றாகி, அது பிறிதொன்றாகி, நீண்டதொரு வழிமுறையாய்ச் சென்றே ஈயத்தில் முடிகின்றன. இடையிற் பிறக்கும் றேடன் என்னும் வாயு மண்ணிலிருந்து கசிந்து நம் மூச்சுக்காற்றிலும் கலக்கின்றது.

ஒரு செக்கனில் ஓரணு சிதைவதை ஒரு பெக்கரல் என்பர். ஐக்கிய நாடுகள் சபையின் கதிரியக்க விஞ்ஞானக் குழு 2000ஆம் ஆண்டில் வெளியிட்ட அறிக்கையின்படி, உலக மண்ணின் நடுத்தர அளவு ஒரு கிலோகிராமுக்கு யுரேனியம் 35, தோரியம் 30, பொற்றாசியம் 400 பெக்கரல்களாம். பொற்றாசியத்தின் எண் பெரிதெனினும் அதன் ஒவ்வொரு சிதைவும் நம்மைச் சேர்க்குங் கதிர்வலு சிறிது. நிலத்தின்மேல் ஒரு மீற்றர் உயரத்திற் காற்றிற் படியும் கதிர்வலுவைக் கணித்தால், மூன்றும் முறையே மணிக்கு 16, 18, 17 நனோகிறே என வருகின்றன. ஏறக்குறைய ஒத்த பங்குகள். ஒரு கிலோகிராம் பொருளில் ஒரு யூல் சக்தி படிந்தால் அது ஒரு கிறே. நனோ என்பது நூறு கோடியில் ஒரு கூறு. எனவே ஓர் ஆண்டு முழுதும் வெளிநிலத்திலேயே நின்றாலும் அத்தகைய மண் தருவது ஒரு மில்லிகிறேயில் ஏறத்தாழப் பாதியே.

எம் தோட்டக்காரர்க்கு இன்னொரு கணக்குஞ் சொல்லலாம். வெங்காயத்துக்கும் புகையிலைக்கும் இடுகின்ற பொற்றாசுப் பசளையில், அது பொற்றாசியக் குளோரைட்டாயின், கிலோகிராமொன்றிற் பதினாறாயிரம் பெக்கரல் அளவு உண்டு. ஐம்பது கிலோப் பையொன்றில் செக்கனுக்கு எட்டு இலட்சம் சிதைவுகள் நிகழ்கின்றன. இதைக் கேட்டுப் பையைத் தூக்கி எறியவேண்டா. நம் உடம்பின் தசைகளிலுள்ள பொற்றாசியமே செக்கனுக்கு நாலாயிரம் முறையளவிற் சிதைந்துகொண்டிருக்கின்றது. எண் பெரிதென்பதனாலேயே அச்சம் பெரிதாதல் கூடாது என்பதற்காகவே இதனைக் கூறினேன்.

கதிரியக்க ஆராய்ச்சியின் தொடக்க வரலாற்றில் இலங்கை மண்ணுக்கும் ஓரிடம் உண்டென்பதை நம்மவர் பலர் அறியார். கலாயோகி ஆனந்த குமாரசுவாமியைச் சிற்பத்துக்கும் நடனத்துக்கும் பொருள் உரைத்த பேரறிஞராகவே நாம் போற்றுகின்றோம். சேர் முத்து குமாரசுவாமியின் மைந்தராகிய அவர் தம் இளமையில் ஒரு புவியியல் விஞ்ஞானி. இந்நாட்டுக் கனிப்பொருள் அளவைத் திணைக்களத்தின் முதற் பணிப்பாளராய் இருந்தவர். சபரகமுவைப் பக்கத்து இரத்தினக்கற் படிவுகளிற் கறுத்த சிறு சதுரப் பளிங்குகளாய், கைக்குக் கனமாய்க் கிடைத்த ஒரு பொருளை அவர் 1904இற் கண்டெடுத்தார். முதலில் அது யுரேனியக் கனியமென்றே கருதப்பட்டது. இலண்டனில் வைன்டம் டன்ஸ்டன் என்பவர் அதனைப் பகுத்து நோக்கி, நூற்றுக்கு எழுபதுக்கு மேற்பட்ட பங்கு தோரியத்தின் ஒட்சைட்டே எனக் கண்டு, தோரியனைற்று எனப் பெயரிட்டார். அடுத்த ஆண்டில், இலண்டனில் இராம்சேயின் ஆய்வுகூடத்திலிருந்த ஒற்றோ ஹான் என்னும் இளைஞர், இலங்கைத் தோரியனைற்றிலிருந்து பிரித்த உப்பொன்றில் றேடியத்தைத் தேடப் புகுந்து, றேடியோதோரியம் என்னும் புதிய பொருளைக் கண்டார். பின்னாளில் யுரேனிய அணு பிளவுபடுவதைக் கண்டறிந்து நொபெல் பரிசு பெற்றவர் அவரே. அவருடைய முதற் கண்டுபிடிப்புக்கு மூலப்பொருள் கொடுத்தது இந்நாட்டு ஆற்றுமண்.

கடல்வழி மண் இன்னொன்று உண்டு. அதன் கதை தேங்காய்நாரில் தொடங்குகின்றது. தும்பு அடித்துக் கயிறு திரிக்கும் தொழிலை அறிந்த தென்மராட்சி மக்களுக்கு அது சுவைதரும். திருவிதாங்கூர்க் கரையிலிருந்து யேர்மனிக்கு ஏற்றுமதியான கயிற்றுத் தும்பில் மணல் ஒட்டியிருந்தது. மணல் ஒட்டிய தும்புக்கு விலை குறைப்பதே வணிகர் வழக்கம். சோம்பேர்க் என்னும் யேர்மனிய இரசாயனர் 1909இல் அம்மணலை ஆராய்ந்து அதில் மொனசைற்று இருக்கக் கண்டார். தேடிவந்து அவர் அடைந்த இடம் மணவாளக்குறிச்சி, இன்றைய கன்னியாகுமரி மாவட்டத்துத் தமிழூர். மொனசைற்றில் தோரியம் உண்டு. அக்காலத்தில் வாயுவிளக்கின் வலையை ஒளிரச் செய்தற்குத் தோரியம் வேண்டப்பட்டதால், மணலைச் சலிக்கும் தொழிற்சாலை அங்கு விரைவில் எழுந்தது.

மலைப்பாறைகள் சிதையும்போது மொனசைற்று மணிகளை ஆறுகள் கடலுக்குக் கொண்டு செல்கின்றன. அலைகள் இலேசான வெண்மணலை அள்ளிச் செல்ல, கனமான மணிகள் கரையில் ஒதுங்கி அடையடையாய்த் தங்குகின்றன. அரிசியைச் சுளகிற் கொழிப்பார் செய்யும் செயலையே கடல் செய்கின்றது எனலாம். கறுமணல் எனப்படும் அதன் கறுமைக்குக் காரணம் இல்மனைற்று. மொனசைற்றோ தேன்நிறமானது. இல்மனைற்றும் சிர்க்கோனும் மிகுந்த நம் புல்மோட்டைக் கரையிலும் மொனசைற்றுச் சிறிதளவு உண்டு. பேருவளைப் பக்கத்துக் கரையிலும் அது காணப்படுகின்றது. ஆயினும் கேரளத்தில் நீண்டகரையிலிருந்து வடக்கே புறக்காடு வரையுள்ள ஒடுங்கிய கரைப்பட்டையே உலகில் மக்கள் நெருங்கி வாழும் மிகுகதிர் நிலங்களுட் பேர்பெற்றது. சவறை, கருநாகப்பள்ளி என்னும் ஊர்கள் அதனுள் அடங்குவன.

இத்தகைய நிலத்தில், ஒரு மனிதன் ஆண்டு முழுதிலும் பெறுகின்ற கதிரின் மொத்தம் யாது? கையிற் கொண்டுசெல்லும் எண்ணிமானி அந்தக் கணத்தில் அந்த இடத்தில் உள்ளதைக் கூறும். மழைக்கு முன் ஓர் எண், மழை பெய்து ஓய்ந்த மறுகணம் வேறோர் எண், திண்ணையில் ஒன்று, மணலில் ஒன்று. ஆண்டுக்கணக்கை அறிய, இரவும் பகலும் அங்கேயே கிடந்து யாவற்றையும் தன்னுட் சேர்த்து வைக்கும் ஒன்று வேண்டும். அத்தகைய பொருளே ஆங்கிலத்தில் ‘தேர்மோலூமினசென்ற் டோசிமீற்றர்’ எனப்படுவது. இதனை வெப்பவொளிர்வு மாத்திரைமானி எனலாம். மாத்திரை என்ற சொல் இலக்கணத்தார்க்கு எழுத்தொலியின் அளவு, வைத்தியர்க்குக் குளிகை. கதிரியலார்க்கு ஓருடல் ஏற்ற கதிரளவு. அளவென்னும் பொருள் மூன்றிடத்தும் மாறாது நிற்றலின் இச்சொல் எனக்கு உவப்பானதே.

சில பளிங்குகளைச் சூடாக்கினால், செந்தணலாகும் வெப்பத்துக்கு வெகு முன்னரே அவை மங்கலாய் ஒளிர்ந்து அணைகின்றன. வைரமொன்று உடம்பின் இளஞ்சூட்டிலேயே இருளில் ஒளிர்ந்ததை றொபேட் பொயில் 1663இற் கண்டு எழுதினார். அதற்காக அவர் வைரத்தைப் படுக்கைக்கே கொண்டுபோனார் என்பதும் வரலாறு. ஒருமுறை ஒளிர்ந்து தீர்ந்த புளோரைற்றுக் கல்லை றேடியத்தின் அருகில் வைத்தால் அது மீண்டும் ஒளிரும் ஆற்றல் பெறுகின்றது என்பதை மேரி கியூரி தமது 1903ஆம் ஆண்டு ஆய்வேட்டிற் குறிப்பிட்டார். ஆனால் அந்த ஒளியைக் கொண்டு கதிரை அளக்கலாம் என்னும் முறை அமெரிக்காவில் விஸ்கொன்சின் பல்கலைக்கழகத்துப் பரிங்டன் டானியல்சும் அவர் குழுவினரும் முயன்ற 1950களிலேயே உருப்பெற்றது.

இதன் செயல்முறை இது. பளிங்கில் அணுக்கள் ஒழுங்குற அடுக்கப்பட்டிருப்பினும் ஆங்காங்கே குறைபாடுகள் உண்டு. கதிர் பாயும்போது தம் நிலையை விட்டெழும் இலத்திரன்களுட் சில அக்குறைகளிலே பொறிக்குள் அகப்பட்ட எலிபோற் சிக்கிக்கொள்கின்றன. அறைவெப்பத்தில் அவற்றால் வெளியேற இயலாது. மாதங்கள், ஆண்டுகள் கழியினும் அங்கேயே இருக்கும். 200 பாகை செல்சியசு அளவில் வெப்பமூட்டினால் விடுபட்டுத் தம் பழைய நிலைக்கு மீள்கின்றன. மீளும்போது ஒளியை உமிழ்கின்றன. அவ்வொளியை நுண்ணிய ஒளிக்கலம் ஒன்று எண்ணும். ஒளி எவ்வளவு, கதிர் அவ்வளவு. மிகத் தூய பளிங்கு இப்பணிக்கு ஆகாது. இலிதியம் புளோரைட்டில் மகனீசியமும் தைத்தேனியமும், கல்சியம் சல்பேற்றில் டிஸ்புரோசியமும் வேண்டுமென்றே சிறிது கலந்து குறைகளை உண்டாக்குகின்றனர். குறையே குணமாதற்கு இதனினும் நல்ல எடுத்துக்காட்டு யான் கண்டதில்லை.

மண்ணை அளக்கும் முறைக்கு வருவோம். முதலில் பளிங்கு வில்லைகளைச் சூளையில் உயர்ந்த வெப்பத்தில் வைத்துப் பழைய பதிவுகள் யாவற்றையும் அழித்துவிடவேண்டும். பின் ஒளியும் ஈரமும் புகாதவாறு கறுப்புத் தாளிலும் பொலித்தீனிலும் பொதிந்து, ஒவ்வோரிடத்துக்கும் மூன்று நான்காக எடுத்துச் செல்வர். மக்கள் நடமாடும் வெளியின் அளவை அறியவேண்டின் நிலத்தினின்றும் ஒரு மீற்றர் உயரத்தில் நிழலிற் கட்டித் தொங்கவிடுவர். மண்ணையே அளக்க வேண்டின் குழாயொன்றில் இட்டு முப்பது சென்ரிமீற்றருக்குக் குறையாத ஆழத்திற் புதைப்பர். மண்ணின் காமாக் கதிர்கள் அவ்வளவு தூரத்துக்குள்ளேயே பெரும்பாலும் அடங்கிவிடுதலின், அவ்வாழத்திற் புதைந்த வில்லையை நாற்புறமும் அந்த மண்ணின் கதிரே சூழ்ந்திருக்கும். நம் கரையோர ஊர்களில் வானக்கதிர் மணிக்கு முப்பது நனோகிறே அளவுண்டு. தொங்கவிட்ட வில்லையின் கணக்கில் அதைக் கழிக்கவேண்டும். வில்லைகள் வண்டியிலும் வழியிலும் பெற்ற கதிரையும் கழிக்கவேண்டுமாதலால், சில வில்லைகள் தடித்த ஈயப்பேழைக்குள் வைக்கப்பட்டுக் கூடவே சென்று கூடவே திரும்பும். சாதாரண நிலத்தில் ஒரு மாதத்திற் சேர்வது அறுபது மைக்கிறோகிறே அளவே. இலிதியம் புளோரைட்டின் பழைய வகைக்கு அது மிகச் சிறிது. எனவே மூன்று மாதம் விட்டுவைத்தல் வழக்கம். அறிந்த அளவுள்ள கதிரை ஊட்டிய வில்லைகளோடு ஒப்புநோக்கிய பின்னரே ஒளி எண்ணாகும்.

பிழைக்கும் இடங்களும் பல. வெயிலில் விட்ட வில்லை சேர்த்ததை இழந்துவிடும். ஈரமண்ணின் நீர் கதிரை உறிஞ்சுதலின், ஐப்பசி முதல் மார்கழி வரை புதைத்த வில்லை கோடையிற் புதைத்ததினும் குறைவாகக் காட்டும். ஆகவே ஒரு காலாண்டை வைத்து ஓர் ஆண்டைக் கூறலாகாது. கட்டிய இடத்தில் வில்லையைக் காணாமற்போதலும் உண்டு. காகத்தையும் சிறுவரையும் கதிரியலார் தங்கள் கணக்கிற் சேர்த்துக்கொள்ளவேண்டும் போலும். எல்லாவற்றினும் பெரிய குறை, வில்லை மொத்தத்தைச் சொல்லுமேயன்றி, அதில் யுரேனியத்தின் பங்கு எது, தோரியத்தின் பங்கு எது எனப் பிரித்துக் கூறாது என்பது. அதற்கு மண்ணை ஆய்வுகூடத்துக்குக் கொண்டுசென்று காமா நிறமாலைமானியில் வைத்தல் வேண்டும். அணுவுலையிற் பிறக்கும் சீசியம் 137 உண்டா இல்லையா என்று என் மாணவனுக்கு விடை கூற வல்லதும் அதுவே. ஒன்று கூட்டும், மற்றது பிரிக்கும். இரண்டுஞ் சேர்ந்தே முன்னிருப்பை எழுதும்.

கேரளக் கரையில் பாபா அணு ஆராய்ச்சி நிலையத்தினர் வீடுகளில் வைத்தும் மக்களுக்கு அணிவித்தும் இவ்வில்லைகளால் அளந்தனர். அதற்கு முன், குறூனபேர்க் என்னும் இங்கிலாந்து அறிஞரின் குழு அக்கரையில் வாழும் எலிகளின் எலும்பையும் பல்லையும் அயலூர் எலிகளோடு ஒப்பிட்டு, கதிரால் விளைந்ததெனத் தக்க வேறுபாடு காணப்படவில்லை என 1966இல் அறிக்கையிட்டது. மக்களைப் பற்றிய விரிந்த ஆய்வு பின்னர் வந்தது. திருவனந்தபுரத்துப் பிராந்தியப் புற்றுநோய் நிலையத்தினர் கருநாகப்பள்ளியில் 3,85,103 பேரைப் பதிவுசெய்து, வீடுகளின் கதிரளவையும் எடுத்து, அவர்களுள் 69,958 பேரைச் சராசரி பத்தரை ஆண்டுகள் தொடர்ந்து கவனித்தனர். அக்கரையின் வெளிநிலத்து நடுத்தர அளவு ஆண்டுக்கு நான்கு மில்லிகிறேக்கு மேல். சிலவிடங்களில் எழுபது மில்லிகிறே வரை. முன் சொன்ன சாதாரண மண்ணோடு ஒப்பிடின் முறையே ஒன்பது மடங்கும் நூற்றைம்பது மடங்கும் ஆகும். அவர்களிடையே கண்ட புற்றுநோய் 1,379. கதிர் மிகுந்த இடத்தில் நோயும் மிகுந்தது எனக் காட்டும் சான்று கிட்டவில்லை என 2009இல் வெளியான கட்டுரை கூறுகின்றது.

இதனைக் கொண்டு கதிர் தீங்கற்றது எனப் பறைசாற்றுவாரும் உளர். அது பொருந்தாது. மெல்லெனப் பல்லாண்டு சேருங் கதிரால் அந்த மக்களிடையே அந்தக் காலத்தில் நோய் மிகுந்ததாகக் காணப்படவில்லை என்பதே அதன் பொருள். ஒரே நாளிற் பெரும் மாத்திரை பெற்றார்க்கு அது பொருந்தாது; வீட்டினுள் அடைபடும் றேடனுக்கும் அதனை அப்படியே பொருத்தலாகாது. உலக மக்கள் இயற்கையிலிருந்து ஆண்டுக்குப் பெறும் சராசரி 2.4 மில்லிசீவேற்றில் பாதிக்கு மேற்பட்டது றேடனாலும் அதன் இனத்தாலும் வருவது.

இனி நம் மண். யாழ்ப்பாணக் குடாநாட்டின் அடியிற் கிடப்பது சுண்ணக்கல். சுண்ணக்கற்களில் தோரியமும் பொற்றாசியமும் பொதுவாகக் குறைவு. இதனை அறிந்து, நம் மண் முழுதும் கதிர் குன்றியதாகவே இருக்குமெனச் சொல்லிவிட யானும் முதலில் துணிந்தேன். ஆயின் சுண்ணக்கல் கரைந்துபோக எஞ்சிய களியும் இரும்புமே செம்மண்ணாகின்றன. கரையாத தோரியமும் அதனோடு தங்கிவிடும். ஏட்ரியாற்றிக் கடற்கரை நாடுகளின் செம்மண், கீழுள்ள வெண்கல்லினும் மிகுகதிர் உடையதாய் அளக்கப்பட்டுள்ளது. ஆகவே வலிகாமத்துச் செம்மண்ணும் தென்மராட்சியின் மணற்பாங்கான நிலமும் மணற்காட்டு வெண்மணலும் ஓரெண் உடையனவாய் இரா. வீடுகளும் மாறிவிட்டன. முன்னோர் சுண்ணக்கல்லால் எழுப்பினர். நாம் வன்னிக் கருங்கல்லுடைத்துக் கொங்கிறீற்று இடுகின்றோம். கருங்கல்லில் பொற்றாசியமும் தோரியமும் மிகுதல் இயல்பு.

வில்லையே இல்லாத காலத்திலும் நம் மண் தன் கதிர்க்கணக்கை ஓரிடத்தில் எழுதிவைத்திருக்கின்றது. கந்தரோடையிலும் ஆனைக்கோட்டையிலும் அகழ்ந்தெடுத்தனபோன்ற மட்பாண்ட ஓடுகளில் படிகக்கல் மணிகள் உண்டு. குயவன் சூளையின் தீ அவற்றின் பழைய பதிவை அழித்துவிட்டது. அன்றிலிருந்து சுற்றியுள்ள மண்ணின் கதிரை அவை சேர்த்துக்கொண்டே கிடக்கின்றன. ஓட்டின் மணியைச் சூடாக்கி மொத்தக் கதிரை அறிந்து, அதே குழியில் வில்லையை ஓராண்டு புதைத்து ஆண்டுக்கதிரையும் அறிந்து, ஓட்டினுள்ளேயே உள்ள கதிரியக்கத்தையும் சேர்த்துக் கணித்து வகுத்தால், பாண்டம் சுட்ட காலம் தெரியும். ஒக்ஸ்போட்டில் மாட்டின் எயிற்கின் முதலியோர் வளர்த்த முறை இது. ஆதலால் மண்ணின் ஆண்டுக்கதிரை அறியாதார்க்குப் பழம்பாண்டத்தின் வயதும் இம்முறையால் கிட்டாது.

என் மாணவனுக்கு இத்தனையையும் ஒரு பாடவேளையிற் சொல்லி முடிக்க இயலவில்லை. கேட்டுவிட்டு, "அப்படியானால் எங்கள் பள்ளிக்கூட வளவில் எங்கே புதைக்கலாம் ஐயா?" என்றான். விளையாட்டிடத்தின் மணலில் ஒன்று, கிணற்றடிச் சுண்ணக்கல் அருகில் ஒன்று, பொற்றாசு இட்டு வரும் தோட்டத்தில் ஒன்று, புதிய கொங்கிறீற்றுக் கட்டடத்தின் உள்ளே ஒன்று என நாங்கள் இருவருமாகக் குறித்துவைத்தோம். வில்லைகளும் அவற்றைப் படிக்கும் பொறியும் பல்கலைக்கழகத்துப் பௌதிகத்துறையினரிடமோ அணுசக்திச் சபையாரிடமோ கேட்கவேண்டியவை. பழைய மாணவருள் அத்துறைகளில் உள்ளோர் இதனை வாசிப்பின், முதல் வில்லை புரட்டாதி முடியுமுன், மாரி தொடங்குமுன், நிலத்துக்குள் இறங்கவேண்டும் என்பதை நினைவிற் கொள்வார்களாக.